ஹை கீ உருவப்படம்: வண்ணமா, கருப்பு வெள்ளையா? (வாசகர் கேள்வி பதில்)

வெண்மையும் வெளிர் சாம்பலும் மிகுந்து, நிழல் மிகக் குறைந்திருக்கும் ஹை கீ உருவப்படங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தைச் சுற்றியே அமைந்திருந்தன: அத்தகைய படத்தை வண்ணத்தில் வைத்துக்கொள்வதா, கருப்பு வெள்ளைக்கு மாற்றுவதா? அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, தருமபுரியில் ஸ்டுடியோ நடத்துகிறேன். வளைகாப்பு முடிந்ததும் படமெடுக்கப் பல குடும்பங்கள் வருகின்றன. வெள்ளைப் பின்னணியில் ஹை கீயாக வேண்டும் என்கிறார்கள். வண்ணத்தில் ஒன்று, கருப்பு வெள்ளையில் ஒன்று என இரண்டையும் காட்டினால் வீட்டார் முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறார்கள். முன்கூட்டியே தீர்மானிக்க வழி உண்டா?

பதில்: முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் சரியான முறை, இன்னும் சொல்லப்போனால், விளக்குகளை அமைப்பதற்கு முன்பே அந்த முடிவை எடுத்துவிட வேண்டும். சாதாரண உருவப்படத்தில் நிழல்களே முகத்தின் வடிவத்தைச் சொல்லிவிடும். ஹை கீயிலோ, முகத்தின் இரு பக்க ஒளியும் வழக்கமாக ஒரு ஸ்டாப் (ஒளி இரு மடங்காகவோ பாதியாகவோ மாறும் அளவு) வித்தியாசத்துக்குள் நெருங்கிவிடுவதாலும், பின்னணிக்கு முகத்தைவிட ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் ஒளி கூடுதலாகப் போவதாலும், கண், புருவம், கூந்தல், உதட்டின் கோடு ஆகிய சில இடங்கள் மட்டுமே அழுத்தமாக நிற்கும். பார்ப்பவரின் கண் தங்குவதற்கு அவ்வளவுதான் இடம். அந்தச் சில இடங்களோடு நிறமும் ஒரு பிடிமானமாகச் சேர்ந்து நிற்கிறதா, அல்லது வெண்மையின் மேல் படிந்த கறையாக மட்டும் இருக்கிறதா என்பதே நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

வளைகாப்புப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கைகள் நிறைய அடுக்கிய கண்ணாடி வளையல்களில் சிவப்பும் பச்சையும் மாறி மாறி வரும். கணினியில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில், 0 முதல் 255 வரையிலான அளவில், அந்தச் சிவப்பின் மதிப்பு 200, 20, 40 என்றும் பச்சையின் மதிப்பு 0, 120, 40 என்றும் வைத்துக்கொள்வோம். சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என்னும் வழக்கமான விகிதத்தில் சாம்பலாக மாற்றினால், முன்னது 76 ஆகவும் பின்னது 75 ஆகவும் வந்து நிற்கும். கண்ணுக்கு நேரெதிராகத் தெரிந்த இரண்டு நிறங்களும் ஒரே சாம்பலாகி, வளையல் அடுக்கு முழுவதும் ஒரே பட்டையாகிவிடுகிறது. கன்னத்தில் பூசிய சந்தனமும் அப்படித்தான். வண்ணத்தில் அது சந்தனமாகத் தெரியும், கருப்பு வெள்ளையில் அந்த இடத்தில் ஒளி எரிந்துபோனதைப் போலத் தோன்றும். தாலிக் கயிற்றின் மஞ்சளும் வெளிர் சாம்பலாகி வெண்மைக்குள் கரைந்துவிடும். சடங்கின் பொருளே நிறத்தில் இருக்கும்போது அதைக் களைந்துவிட்டு எடுக்கும் படம் பாதிப் படம்தான். ஆகவே வளைகாப்புக் கோலத்தில் இருப்பவருக்கு வண்ணம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

அதே பெண் மறுநாள் நகையெல்லாம் கழற்றிவிட்டு, வெள்ளைப் பருத்தி உடையில், வயிற்றின் மேல் கை வைத்துக் குனிந்து பார்த்தபடி நிற்கிறார் என்றால், அங்கே நிறம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கழுத்திலிருந்து தோள் வழியாக இறங்கும் கோடும், வயிற்றின் வளைவும், இமையின் நிழலுமே படம். அதற்குக் கருப்பு வெள்ளைதான்.

முடிவு ஏன் விளக்குக்கு முன்பே வர வேண்டும் என்றால், இரண்டுக்கும் ஒளியமைப்பு வேறு. வண்ணத்தில், தோலின் நிறமே முகத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டிவிடுவதால், ஒளி ஏறத்தாழச் சமமாக இருந்தாலும் முகம் தட்டையாகாது. கருப்பு வெள்ளையில் அந்த உதவி இல்லை. கன்னத்தின் ஒரு பக்கம் ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை இறங்கினால்தான் தாடைக்கும் கழுத்துக்கும் இடையே எல்லை தெரியும். வண்ணத்துக்காகச் சமமாக ஒளியூட்டிய படத்தைப் பிறகு கருப்பு வெள்ளைக்கு மாற்றினால் முகம் சாம்பல் பூத்த தகடாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே. உங்கள் வாடிக்கையாளர்கள் தவிப்பதும் பெரும்பாலும் இதனால்தான். இரண்டில் ஒன்று எப்போதும் அரைகுறையாகவே அவர்கள் முன் வருகிறது. ஒன்றை மட்டும் முழுமையாகச் செய்து காட்டுங்கள்.

உடையைப் பற்றியும் முன்பே பேசிவிடுங்கள். அரக்கு, கருநீலம் போன்ற அடர் பட்டுகள் எந்த முறையிலும் ஹை கீக்கு ஒத்துவராது. கருப்பு வெள்ளையில் அரக்குப் பட்டு ஏறத்தாழக் கருப்பாகிப் படத்தின் பாதியை விழுங்கிவிடும். வண்ணத்துக்கு வெளிர் ரோஜா, சந்தன நிறம், இளம்பச்சை ஆகியவை நன்றாக இருக்கும். தூய வெள்ளை உடையை வண்ணத்தில் எடுப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: சொட்டு நீலம் போட்டு அலசிய துணியின் மடிப்புகளில் நீலம் தெளிவாகத் தெரியும். நேரில் நம் கண் அதைப் பளிச்சென்ற வெண்மை என்றே எடுத்துக்கொள்ளும். கேமரா அப்படி எடுத்துக்கொள்ளாது. படம் முழுவதும் வெண்மையாக இருக்கும்போது அந்தச் சிறு நீலமும் துருத்திக்கொண்டு நிற்கும். கிரே கார்டு என்னும் சாம்பல் அட்டையை வைத்து ஒயிட் பேலன்ஸ் (ஒளியின் நிறச்சாய்வைச் சரிசெய்யும் அமைப்பு) எடுத்தாலும் முகம் சரியாகுமே தவிர, துணியின் நீலம் போகாது.

கருப்பு வெள்ளையைத் தேர்ந்தெடுத்தால், மாற்றும்போது பொட்டின் மேல் ஒரு கண் இருக்கட்டும். குங்குமமும் நம் மாநிறத் தோலும் சிவப்பொளியை ஏறத்தாழ ஒரே அளவில் திருப்பி அனுப்புகின்றன. ஆகையால் சிவப்பு சேனலை (படத்தின் சிவப்புப் பதிவை) மட்டும் தூக்கி முகத்தை வெளிறச் செய்தால் நெற்றிப் பொட்டு காணாமல் போய்விடும், உதடும் தோலோடு தோலாகிவிடும். லைட்ரூம் போன்ற மென்பொருளில் நம் தோல் பெரும்பாலும் ஆரஞ்சுப் பகுதியில் வரும். குங்குமமும் உதடும் சிவப்பில் வரும். ஆரஞ்சைச் சற்று உயர்த்தி, சிவப்பைச் சற்றுத் தாழ்த்துங்கள். முகம் ஒளிரும், பொட்டும் உதடும் தத்தம் இடத்தில் நிற்கும்.

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே எங்கள் மாந்தோப்பில் வெள்ளைத் துணி கட்டி, அக்காவின் மகளை ஹை கீயாகப் படமெடுத்தேன். முகம் பச்சை பாரித்துத் தெரிகிறது. கருப்பு வெள்ளைக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: பச்சை மறையும், படம் சரியாகாது. மாவிலை தன் மேல் விழும் ஒளியில் சிவப்பையும் நீலத்தையும் பெருமளவு உறிஞ்சிக்கொண்டு பச்சையை அதிகமாக வெளியே விடுகிறது. தோப்புக்குள் குழந்தையின் முகத்தில் விழுந்தது அப்படி வடிகட்டி வந்த ஒளிதான். அதில் சிவப்பு குறைவு. நம் தோல் மென்மையாகவும் மாசின்றியும் தெரிவது சிவப்பு சேனலில்தான் என்பதால், அது பட்டினி கிடக்கும் படத்தில் கொசு கடித்த தடிப்பும் வேர்க்குருவும் கருப்பு வெள்ளைக்கு மாற்றிய பிறகும் கரும்புள்ளிகளாக நிற்கும். சிவப்பு சேனலை வலிந்து உயர்த்தினால் நாய்ஸ் என்னும் பொடிப் புள்ளிகள் கிளம்பும். போதாதென்று, தோப்பில் ஒளி தலைக்கு மேலிருந்து இறங்குவதால் கண்குழிகள் இருண்டிருக்கும். கண் இருண்ட ஹை கீ உருவப்படம் நிற்காது.

மீண்டும் எடுத்துவிடுங்கள், செலவில்லாத வேலைதான். தோப்பின் ஓரத்துக்கு வந்து, மரங்களை முதுகுக்குப் பின்னால் விட்டு, திறந்த வானத்தைப் பார்த்துக் குழந்தையை நிறுத்துங்கள். நேர்வெயில் முகத்தில் படக் கூடாது. பின்னால் கட்டும் துணி மெல்லியதாக இருந்து, வெயில் அதன் பின்புறத்திலிருந்து ஊடுருவி வந்தால், விளக்கில்லாமலே பின்னணி முகத்தைவிட ஒளி கூடியதாகிவிடும். துணியின் முன்புறத்தில் நேராக வெயில் விழ விடாதீர்கள். நிழலில் இருக்கும் முகத்தைவிட அது பல ஸ்டாப் ஏறிப்போய், கூந்தலின் ஓரத்தை அரித்துத் தின்றுவிடும். தரை செம்மண்ணாக இருந்தால் அது தாடைக்குக் கீழே செந்நிறத்தை எறியும். ஒரு தெர்மாகோல் பலகையையோ, பிரித்து விரித்த வெள்ளை உரச் சாக்கையோ காலடியில் போட்டால் அந்தச் செம்மை அடங்குவதோடு கண்ணுக்குள் ஒளியும் ஏறும். திறந்த நிழலின் ஒளி 7000 முதல் 8000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) வரை நீலம் பாய்ந்திருக்கும் என்பதால் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள்.

நிழலும் வெள்ளைப் பின்னணியும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடன் ஒரு சான்று. 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சுரங்கத் தொழிலாளர், பண்ணையாட்கள் போன்றோரை அவர் திறந்த நிழலில், வெள்ளைத் தாளுக்கு முன் நிறுத்தி, 8×10 அங்குலக் கருப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்தார். அவை ஹை கீ படங்கள் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்னணி வெள்ளையாக இருந்தும், முகத்திலும் உடையிலும் அடர்ந்த தொனிகளை (கருமை, வெண்மை அளவுகளை) அவர் அப்படியே நிற்க விட்டார். வெள்ளைத் துணி கட்டினால் மட்டும் ஹை கீ ஆகிவிடாது.

மீண்டும் எடுக்கும் படத்தை நானாக இருந்தால் வண்ணத்திலேயே வைப்பேன். பின்னாலிருந்து வரும் ஒளி குழந்தையின் காது மடலை ஊடுருவும்போது அது பவளம் போலச் சிவந்து தெரியும்; கருப்பு வெள்ளையில் அது வெறும் வெளிர்ந்த திட்டு.

கேள்வி: திருமணத்தின்போது எடுத்த படத்தில் என் முகத்தை அடையாளம் தெரியாத அளவுக்கு வெளுத்துக் கொடுத்துவிட்டார்கள். கேட்டால், ஹை கீ என்றால் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். என்னைப் போன்ற மாநிறத்தவர்களுக்கு ஹை கீ பொருந்தாதா? கருப்பு வெள்ளையில் எடுத்திருந்தால் தப்பித்திருப்பேனா? (பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: பொருந்தும், அம்மா, மிக அழகாகப் பொருந்தும். உங்களுக்குச் சொல்லப்பட்ட விளக்கம் தவறானது. சட்டத்துக்குள் இருக்கும் தொனிகளில் பெரும்பாலானவை வெளிர்ந்திருப்பதுதான் ஹை கீ. இருப்பவரின் நிறத்தை மாற்றுவது அதன் வேலை அன்று. பின்னணியும் உடையும் வெளிச்சமும் வெளிர்ந்திருக்க, அவற்றின் நடுவே மாநிற முகம் தன் இயல்பான நிறத்தோடு நிற்பதுதான் அத்தகைய படத்தின் உயிர்.

இதற்குக் கணக்கும் உண்டு. 1940ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் வகுத்த மண்டல முறை, முழுக் கருப்பிலிருந்து முழு வெள்ளை வரை தொனிகளை 0 முதல் 10 வரை பிரிக்கிறது. வெயில் படும் வெள்ளையரின் தோலுக்கு அதில் 6ஆம் மண்டலம், கருமையான தோலுக்கு 5ஆம் மண்டலம். மாநிறம் இவ்விரண்டுக்கும் இடையில் அமையும். ஹை கீக்காக அதை அரை ஸ்டாப், மிஞ்சினால் ஒரு ஸ்டாப் உயர்த்தலாம். அதற்கு மேல் உயர்த்தினால் அது ஒளியமைப்பு அன்று, வெள்ளையடிப்பு.

வண்ணத்தில் இந்த எல்லையைத் தாண்டும்போது கேடு இரட்டிப்பாகிறது. நம் தோலில் சிவப்பே மிகுந்திருப்பதால் சிவப்பு சேனல்தான் முதலில் 255ஐத் தொட்டு நின்றுவிடும். பச்சையும் நீலமும் அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகும். எனவே முகம் முதலில் மஞ்சள் தட்டி, பிறகு உயிரற்ற வெளுப்பாகிவிடும். உங்கள் படத்தில் நெற்றியையும் மூக்குத் தண்டையும் உற்றுப் பாருங்கள். அந்த மஞ்சள் அங்கே தெரியும். கருப்பு வெள்ளையில் இந்த நிறத் திரிபு வெளியே தெரியாது. ஆகவே இன்னும் அரை ஸ்டாப் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் வெளுப்பதையே நோக்கமாகக் கொண்டவர் கையில் கருப்பு வெள்ளையும் உங்களைக் காப்பாற்றியிராது.

இந்தப் பழக்கத்துக்கு நம் ஊர் ஆசைகள் மட்டும் காரணம் அல்ல. வண்ண ஃபிலிம் காலத்தில் நிறத்தைச் சரிபார்ப்பதற்காகக் கோடாக் நிறுவனம் படம் அச்சிடும் லேப்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் பல பத்தாண்டுகளாக வெள்ளைத் தோலுடைய பெண்களின் படமே இருந்தது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தவர்களுக்கு மாநிறமும் கருநிறமும் திருத்த வேண்டிய குறைகளாகத் தோன்றின. அட்டை போய்விட்டது, அந்தப் பார்வை போகவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஸ்டுடியோவில் மூலக் கோப்பைக் கேளுங்கள். முகத்தை மட்டும் பிறகு வெளுத்திருந்தால், கழுத்தும் கையும் வேறு நிறத்தில் இருந்து அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படியானால் மூலக் கோப்பிலிருந்து உங்கள் நிறத்தை முழுவதும் மீட்டுவிடலாம். படமெடுக்கும்போதே ஒளி மிஞ்சியிருந்தால், ரா கோப்பாக (கேமரா பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) இருக்கும் பட்சத்தில் ஓரளவு மீட்கலாம். ஜேபெக் என்னும் சுருக்கிய கோப்பு மட்டுமே இருந்தால் கடினம்.

கேள்வி: ஓசூரில் கல்லூரி மாணவன். கேமராவிலேயே கருப்பு வெள்ளை முறையை வைத்து எடுப்பது நல்லதா, வண்ணத்தில் எடுத்துப் பிறகு மாற்றுவது நல்லதா?

பதில்: இரண்டையும் சேர்த்தே செய்யலாம். கோப்பு வகையை ரா என்றும், படத் தோற்றத்தை மோனோகுரோம் என்றும் அமைத்துவிடுங்கள், தம்பி. கேமராவின் திரையில் கருப்பு வெள்ளையாகத் தெரியும்; ரா கோப்பில் வண்ணத் தகவல் முழுவதும் பத்திரமாக இருக்கும். திரையில் பார்க்கும்போதே தொனிகளை எடைபோடும் பழக்கம் வந்துவிடும் என்பதுதான் இதில் பெரிய ஆதாயம். இன்னொன்று: வெள்ளை நிறைந்த காட்சியைக் கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் நடுச் சாம்பலாக்கவே பார்க்கும். எனவே எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டர் சொல்லும் ஒளியளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 முதல் +2 வரை ஏற்றி, ஹிஸ்டோகிராமை (தொனிகளின் பரவலைக் காட்டும் வரைபடம்) பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அரூர் பக்கம் எங்கள் கிராமம். பாட்டிக்கு எண்பது வயது கடந்துவிட்டது. நரைத்த தலை, வெள்ளைச் சேலை, முன்கையில் பச்சை குத்தியிருக்கிறார். அவரை ஹை கீயில் எடுத்து வீட்டில் மாட்ட ஆசை. எப்படி எடுக்கலாம்?

பதில்: கருப்பு வெள்ளையில் எடுங்கள். வெள்ளைச் சேலையும் நரையும் வெள்ளைச் சுவரும் சேரும் இடத்தில் வண்ணம் தரக்கூடியது பழுப்பேறிய மஞ்சளும் நிழலின் நீலமும்தான். இரண்டுமே அவர் முகத்திலிருந்து கண்ணை இழுத்துவிடும்.

ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போக வேண்டாம். வாசற்படிக்கு உட்புறம், கதவின் வழியாக வரும் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்கார வையுங்கள். பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர் இருந்தால் அதுவே போதும். வழக்கமான ஹை கீயைப் போலப் பின்னணியை ஒன்றரை ஸ்டாப் ஏற்றாதீர்கள். நரைமுடி சுவரோடு கரைந்து, தலையின் வடிவமே போய்விடும். அரை ஸ்டாப் கூடுதலாக இருந்தால் போதும். ஒரு ஸ்டாப்பைத் தாண்டவே கூடாது. முகத்துக்கு நேர் எதிரே பெரிய வெளிச்சம் வைத்தால் சுருக்கங்கள் அழிந்துவிடும். அந்தச் சுருக்கங்களுக்காகத்தானே படம் எடுக்கிறீர்கள்? பக்க ஒளியைப் பக்க ஒளியாகவே விட்டு, எதிர்ப்புறத்தில் ஒரு வேட்டியை விரித்துப் பிடித்து நிழலை மட்டும் சற்றுத் தணியுங்கள்.

கையை மடிமீது வைத்து, பச்சை குத்திய பக்கம் மேலே தெரியட்டும். பச்சை குத்திய கோலத்தின் நீலப்பசுமை சிவப்பொளியை விழுங்கிவிடும். சுற்றியுள்ள தோல் அதைத் திருப்பி அனுப்பும். ஆகவே மாற்றும்போது சிவப்பு சேனலுக்குக் கூடுதல் பங்கு கொடுத்தால், நேரில் மங்கித் தெரியும் புள்ளியும் கோலமும் தோலின் மேல் கருமையாகத் துலங்கி வரும். பாட்டி குங்குமம் வைப்பவராக இருந்தால் மட்டும், பொட்டைப் பற்றி முதல் விடையில் சொன்னதை நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: ஊத்தங்கரையில் பகுதிநேரமாகப் படமெடுத்துத் தருகிறேன். கணினியில் பளிச்சென்று இருக்கும் ஹை கீ படங்கள் லேப்பிலிருந்து மங்கலாகச் சாம்பல் பூத்து வருகின்றன. கருப்பு வெள்ளைப் படங்களிலோ இளம்பச்சை தட்டுகிறது. குறை யாரிடம்?

பதில்: முதல் குறைக்குப் பெரும்பாலும் லேப் இயந்திரத்தின் தானியங்கித் திருத்தமே காரணம். படம் முழுவதும் வெளிர்ந்திருப்பதைக் கண்ட மென்பொருள், ஒளி மிகுந்துவிட்டது என்று கருதி அடர்த்தியைக் கூட்டிவிடுகிறது. ‘கரெக்ஷன் வேண்டாம்’ என்று ஒவ்வொரு முறையும் எழுதிக் கொடுங்கள். உங்கள் கணினித் திரையின் பிரகாசம் மிக அதிகமாக இருந்தாலும் அச்சு மங்கலாகத்தான் தெரியும். அதையும் குறைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, வண்ணத் தாளில் கருப்பு வெள்ளையை அச்சிடுவதால் வருவது. அந்தத் தாளில் சாம்பல் என்பது மூன்று சாயங்களின் கூட்டு. அவற்றுள் ஒன்று இம்மியளவு பிசகினாலும் பச்சையோ கருஞ்சிவப்போ தட்டும். வேறு படங்களில் யாருக்கும் தெரியாத அந்தப் பிசகு, வெளிர் சாம்பலே நிறைந்த ஹை கீயில் உடனே தெரிந்துவிடுகிறது. ஆல்பம் முழுவதையும் அச்சிடக் கொடுப்பதற்கு முன் 4×6 அங்குலத்தில் ஒரு படத்தைப் போட்டு வாங்கி, டியூப்லைட்டுக்குக் கீழே பார்க்காமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

முகத்தின் மிக ஒளிர்ந்த இடம் 240ஐத் தாண்டாமலும், பின்னணி 250க்கு மேலும் இருக்கும்படி கோப்பை அனுப்புங்கள். 255 ஆக இருக்கும் இடத்தில் தாளில் சாயமே ஏறாது. ஆல்பத்தின் பக்கமும் வெள்ளையாக இருந்தால் படம் எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போய்விடும். படத்தைச் சுற்றி மயிரிழை அளவில் ஒரு சாம்பல் கோடு போட்டு அனுப்பினால் போதும்.